சுண்ணாம்பு தேடும் நத்தைக்குள் ஈயம் நுழையும் வழி

குளத்து நத்தையின் முட்டைத் திரளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? தெளிவான கூழுக்குள் வரிசையாக முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கரு மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. சில நாளில் அதன் முதுகில் மெல்லிய ஓடு ஏறிவிடும். பொரிந்து வெளியே வந்த பிறகும் அதற்குப் பெரிய வேலை ஓடு கட்டுவதுதான். உடல் வளர வளர ஓடும் ஈடுகொடுத்தாக வேண்டும்.

ஓட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். கடலில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. நன்னீரிலோ அது கொஞ்சமாகத்தான் கரைந்திருக்கிறது. அதனால் நன்னீர் நத்தை ராப்பகலாக நீரிலிருந்து கால்சியம் அயனிகளை உடலுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் புகுந்துகொள்ளும் வழியும் இதுதான்.

காட்மியம் அயனியும் கால்சியம் அயனியும் கிட்டத்தட்ட ஒரே பருமன், ஒரே மின்னூட்டம். கால்சியத்துக்காகத் திறக்கும் வாசலால் இந்த ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஈயம் இன்னும் மோசம். கால்சியம் உள்ளே வருவதையே அது தடுத்துவிடுகிறது. லிம்னேயா ஸ்டாக்னாலிஸ் என்ற குளத்து நத்தையின் குஞ்சுகளை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது, லிட்டருக்கு 20 மைக்ரோகிராமைக்கூட எட்டாத ஈயத்திலேயே அவற்றின் வளர்ச்சி குன்றியது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வழிகாட்டு அளவே 10 மைக்ரோகிராம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் குஞ்சு எவ்வளவு மென்மையானது என்று புரியும்.

நீரின் தன்மையும் முக்கியம். கடின நீரில் கால்சியம் நிறைய இருப்பதால் அது உலோகத்தோடு போட்டி போட்டு வாசலைப் பிடித்துக்கொள்ளும். மென்னீரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

செம்பின் கதை வேறு. பல நத்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினுக்குச் செம்பு தேவை. ரத்தத்துக்கு நீல நிறம் வருவதும் அதனால்தான். ஆனால் அளவு மீறினால் அதே செம்பு, உடலுக்குச் சோடியம் கிடைப்பதைக் கெடுத்துவிடும். சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு நோயைப் பரப்பும் நத்தைகளை ஒழிக்க ஒரு காலத்தில் நீர்நிலைகளில் மயில்துத்தத்தைக் கலந்தார்கள். அது செம்பு சல்பேட்தான். செம்பு கலந்ததும் நத்தைகள் ஓட்டுக்குள் ஒடுங்கும், அல்லது நீரைவிட்டு மேலே ஊர்ந்து ஏறிவிடும்.

அப்புறம் சாப்பாடு. கல்லில் படிந்த பாசியை நத்தை அரம் போன்ற நாக்கால் சுரண்டித் தின்கிறது. பாசி நீரிலுள்ள உலோகத்தைத் தன்னிடம் சேர்த்து வைப்பதால், நீரில் குறைவாக இருப்பதும் வயிற்றுக்குள் கூடுதலாகப் போய்விடுகிறது. உடல் சும்மா இருப்பதில்லை. செரிமானச் சுரப்பியில் மெட்டலோதயோனின் என்ற புரதம் தன் கந்தக அணுக்களால் காட்மியத்தை இறுகப் பிடித்து அடக்கி வைக்கிறது. அந்தப் புரதத்தை ஆக்கவும் சக்தி வேண்டும், வளரவும் முட்டையிடவும் சக்தி வேண்டும். இருப்பதோ ஒரே கையிருப்பு.

உலோகம் கலந்த நீரில் விட்டுப் பார்க்கும் நான்கு நாள் சோதனையில் வளர்ந்த நத்தை பிழைத்துக்கொண்டது என்பதை மட்டும் வைத்து, நீர் பாதுகாப்பானது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்ந்த நத்தை ஓட்டைப் பெரும்பாலும் கட்டி முடித்துவிட்டது. அதன் அவசரம் தணிந்துவிட்டது. அன்று பொரிந்த குஞ்சை அதே நீரில் ஒரு மாதம் வளர்த்து, பிறகு எடை போட்டுப் பார்க்க வேண்டும்.