தீர்ப்பு நகல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

அந்த அண்ணன் மேல்முறையீடு செய்ய என்னைப் பார்க்க வந்தபோது தீர்ப்பு வந்து 19 நாளாகியிருந்தது. சிங்கப்பூரில் லாரி ஓட்டுநர். விபத்து வழக்கில் அபராதமும் இரண்டு ஆண்டு வாகனம் ஓட்டத் தடையும். ஓராண்டோ அதற்கு மேலோ தடை விழுந்தால் உரிமமே செல்லாது, மறுபடி தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். அபராதத்தை எப்படியோ கட்டிவிட்டார். தடைதான் வயிற்றில் அடித்தது.

“ஏண்ணே இத்தனை நாள்?”

“‘ஜட்ஜ் எழுதின தீர்ப்பு வரட்டும், அதைப் படிச்சுப் பார்த்துட்டு வக்கீலைப் பாரு’னு மச்சான் சொன்னாரும்மா.”

தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். அவர் எதிர்பார்த்த காகிதம் வந்திருக்கவே வாய்ப்பில்லை. சிங்கப்பூரில் குற்றவியல் வழக்குகளில், யாராவது மேல்முறையீட்டு நோட்டீஸ், அதாவது மேல்முறையீடு செய்யப்போகிறேன் என்ற அறிவிப்பு, கொடுத்த பிறகுதான் பொதுவாக நீதிபதி தம் தீர்ப்புக்கான காரணங்களை விரிவாக எழுதித் தருவார். நோட்டீஸ் முதலில், காரணங்கள் பிறகு. இது தெரியாமல் எத்தனை பேர் கெடுவைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள்! நினைத்தாலே மனசு ஆறவில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கக் கெடு 14 நாள். தீர்ப்பு நாளைச் சேர்க்காமல் எண்ணுங்கள்: 5ஆம் தேதி தண்டனை என்றால் 19ஆம் தேதி கடைசி. அது ஞாயிறாகவோ பொது விடுமுறையாகவோ இருந்தால் அடுத்த நாள். ஆனால் கடைசி நாள் கணக்கையெல்லாம் நம்பி உட்காராதீர்கள், முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரியிடமே நோட்டீஸைக் கொடுக்கலாம். பார்க்கப் போகும் குடும்பத்தார் இதை அவர் காதில் போட்டு வையுங்கள்.

அதோடு முடியவில்லை. வழக்குப் பதிவேடும் காரணங்களும் கைக்கு வந்ததும் இன்னொரு 14 நாள் ஓடத் தொடங்கும். அதற்குள், தீர்ப்பில் எது தவறு என்று சொல்லும் மேல்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்யாவிட்டால், மேல்முறையீட்டை நீங்களே மீட்டுக்கொண்டதாகக் கருதிவிடுவார்கள். உரிமையியல் வழக்குகளுக்குக் கெடு வேறு, விதிகளும் வேறு. நண்பருடைய வழக்கின் கணக்கை உங்கள் வழக்குக்குப் போடாதீர்கள்.

கெடு தாண்டினால் உயர் நீதிமன்றத்தில் கால நீட்டிப்புக் கேட்கலாம். எத்தனை நாள் தாமதம், ஏன் தாமதம், மேல்முறையீட்டில் ஜெயிக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அண்ணனுக்காக நானும் கேட்டேன். ஐந்தே நாள்தான் தாமதம், ஆனால் சொல்லும்படியான காரணம் எங்களிடம் இல்லை. கால நீட்டிப்பு மனு தள்ளுபடியானது. தடையைக் குறைக்கச் சொல்ல நான் எழுதி வைத்திருந்த வாதங்களை எடுத்துவைக்க இடமே கிடைக்கவில்லை.

மேல்முறையீட்டில் தண்டனை கூடவும் வாய்ப்புண்டு, அதனால் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது. அவரைத் தேடுவதிலேயே 14 நாளும் கரைகிறதென்றால், நோட்டீஸை நீங்களே தாக்கல் செய்யலாம். வேண்டாமென்று பட்டால் பிறகு மீட்டுக்கொள்ளலாம்.