சாக்கடலில் இறங்கும் முன்

எருசலேம் யாத்திரை கிளம்புகிறவர்கள் பலர், போவதற்கு முன் ஒருதரம் உடம்பைக் காட்டிக்கொள்ள என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரையோ பிரஷரோ இருக்கும். விமானத்தில் கால் வீங்குமா என்று கேட்பார்கள். சாக்கடலைப் பற்றி நானாகத்தான் பேச்செடுக்க வேண்டும். "அதுலதான் யாரும் மூழ்க மாட்டாங்களே டாக்டர்!" என்பார்கள்.

பெயர்தான் கடல், உண்மையில் அது ஒரு ஏரி. கிழக்கே ஜோர்டான், மேற்கே இஸ்ரேலும் மேற்குக் கரையும். நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. யோர்தான் ஆறு உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. மற்ற கடல்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு. அதனால்தான் உடம்பு தானாக மிதக்கிறது. தமிழ் வேதாகமத்தில் இது உப்புக்கடல், எபிரேயத்திலும் அப்படித்தான். அரபியில் லூத் கடல் என்றும் சொல்வதுண்டு. அதில் மிதந்து வந்த தார்க்கட்டிகளைப் பார்த்து, பழைய கிரேக்கர்கள் தார் ஏரி என்றார்கள். மீன் பிழைக்காததால் சாக்கடல் என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் அந்தத் தண்ணீரில் இருப்பது நாம் சமையலுக்குப் போடும் உப்பு மட்டும் அல்ல. அதில் மக்னீசியம் மிக அதிகம், கால்சியமும் கூடுதல். தடுமாறிக் குப்புற விழுந்தால் கால்கள் மேலே எழும்பும், முகம் தண்ணீருக்குள் போகும். வயதானவர்களால் சட்டென்று புரண்டு திரும்ப முடியாது. அந்த நேரத்தில் கொஞ்சம் விழுங்கினாலும் ரத்தத்தில் இந்த உப்புகள் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஏறிய மக்னீசியம் சீக்கிரம் இறங்காது. அவர்களைக் கரையிலேயே உட்காரச் சொல்லிவிடுவேன்.

மற்றவர்கள் உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் மெதுவாக உட்கார்ந்து மல்லாந்து படுங்கள். நீச்சல் வேண்டாம். எழுந்திருக்க, முழங்காலை மார்புப் பக்கம் மடக்கி, உடம்பை முன்னே கொண்டுவந்து காலை ஊன்ற வேண்டும். இதை வீட்டுக் கட்டிலிலேயே ஒருதரம் செய்து பாருங்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் பாதத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். தண்ணீரை விழுங்கிவிட்டால் "ஒண்ணும் செய்யல" என்று பஸ்ஸில் ஏறாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், போட்டோவுக்காக வேலி தாண்டிப் போகாதீர்கள். ஆற்றுநீரை வழியிலேயே எடுத்துக்கொள்வதாலும், தாது உப்பு எடுக்கும் ஆலைகளாலும் ஏரி ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்குகிறது. அது பின்வாங்கிய இடத்தில் நிலத்தடி நன்னீர் புகுந்து, மண்ணுக்கடியில் உள்ள உப்புப் படுகையைக் கரைக்கிறது. மேலே பார்த்தால் கெட்டித் தரை. எந்த நேரமும் உள்வாங்கலாம்.