டிஸ்க் பெண்டுங்கண்ணா!

சங்ககிரிப் பக்கம் டோல்கேட்டை நெருங்கும்போது, 80-இல் வந்த வண்டிக்கு மெதுவாகத்தான் பிரேக் பிடித்தேன். கையில் சல்லடையைக் கொடுத்துச் சலிக்கச் சொன்ன மாதிரி ஸ்டீயரிங் இடமும் வலமுமாக ஆடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "என்ன மாப்ள, டயர் கழண்டுக்கப் போகுதா?" என்றார். பெடலில் இருந்து காலை எடுத்தேன், ஆட்டம் நின்றது. மறுபடி மிதித்தேன், மறுபடி ஆடியது.

அதற்கு முந்தைய ஞாயிறுதான் குடும்பத்தோடு ஏற்காடு போய்த் திரும்பியிருந்தோம். பட்டறையில் விஷயத்தைச் சொன்னதும் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தீர்ப்பு வந்துவிட்டது: "டிஸ்க் பெண்டுங்கண்ணா. ரெண்டு பக்கமும் மாத்திருங்க." டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் தட்டு, வளைந்துவிட்டதாம். மாற்றினேன். வெண்ணெய் மாதிரி நின்றது வண்டி. சுமார் 5,000 கிலோமீட்டர் ஓடியதும் அதே நடுக்கம், அதே வேகத்தில், திரும்பி வந்தது.

புது டிஸ்க்கும் வளைந்துவிட்டதா? இல்லை. பழையதும் வளைந்திருக்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். சூட்டில் டிஸ்க் உண்மையிலேயே நெளிவது அரிது. பெரும்பாலும் நடப்பது, டிஸ்க்கின் தடிமன் சுற்று முழுக்க ஒரே அளவாக இல்லாமல் போவது.

பிரேக் பிடித்ததும் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு பேட்களுக்கு நடுவே டிஸ்க் சுழல்கிறது. ஓரிடத்தில் அது கொஞ்சம் தடித்திருந்தால், அந்த இடம் வரும்போது பேட்கள் விலகத் தள்ளப்பட்டு, பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள பிரேக் ஆயிலில் அழுத்தம் கூடும், பிடி இறுகும். மெலிந்த இடம் வந்தால் பிடி தளரும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு இழுப்பு. 80 கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் காரின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 12 சுற்றுச் சுற்றும். சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங் கம்பிகளும் இயல்பாக ஆடும் தாளமும் அதை ஒட்டியதுதான். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளிவிட்டால் உயரப் போகும் அல்லவா, அப்படித்தான் 80-இல் உதறும் வண்டி 40-இல் சாதுவாக இருக்கிறது. இதற்கு எவ்வளவு வித்தியாசம் வேண்டும் என்கிறீர்கள்? 0.02 மில்லிமீட்டர் போதும். தலைமுடி அதைவிடத் தடிமன்.

அந்த வித்தியாசம் எப்படி வருகிறது என்பதில்தான் என் 5,000 கிலோமீட்டர் புதிரின் விடை இருக்கிறது. டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) முகத்தில் துரு படிந்திருந்தால், புது டிஸ்க் ஒரு இழை சாய்ந்துதான் உட்காரும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் டிஸ்க் தடிமன் மாறாமல் வெறுமனே சாய்ந்திருந்தால் பேட்களைத் தாங்கும் காலிப்பர் அதன் பின்னாலேயே நகர்ந்து கொடுத்துவிடும். ஆனால் பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேட்டில் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். டயர் கடையில் ஏர் கன்னால் ஒரு நட்டை முறுக்கோ முறுக்கென்று முறுக்கி, அடுத்ததை அரைகுறையாக விட்டாலும் இதே கதைதான்.

இரண்டாவது வழி, மலை இறக்கம். கார் டிஸ்க் என்பது வார்ப்பிரும்பு, அதாவது நம் வீட்டுத் தோசைக்கல்லின் சொந்தக்காரன். (சேலத்துக்காரனுக்கு இரும்பு என்றால் உருக்காலையின் எவர்சில்வர்தான் நினைவுக்கு வரும். பைக்கில் அந்த ஜாதி டிஸ்க் உண்டு. ஆனால் எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மந்தம், காரின் எடைக்கு வார்ப்பிரும்புதான் தோது.) புதுக் கல்லை எண்ணெய் தடவிப் பழக்குகிறோம். பேட்டும் அதேபோலத் தன் பொருளை டிஸ்க்கின் மேல் மெல்லிய பூச்சாகப் படியவிடுகிறது. பூச்சு சமமாக இருந்தால் பிடி ஒரு சீராக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் திட்டாகப் பிடித்தால், கல்லில் தோசை ஒட்டின கதை.

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றலைக் கொண்டு 40 லிட்டர் தண்ணீரை, அதாவது மூன்று குடத்தை, கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். செகண்ட் கியரில் இறங்கினால் அதில் நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு, டீசல் மிச்சம் என்று பிரேக்கை மிதித்தபடியே வந்தால், கொஞ்சம் காற்று வாங்குவது போக மிச்சம் அத்தனையும் சில கிலோ இரும்பின் தலையில். அடிவாரத்தில் டீக்கடை வந்ததும் வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே "நாலு டீ" என்கிறோம். கொதிக்கும் பேட் கொதிக்கும் டிஸ்க்கின் ஒரே இடத்தில் அழுந்தி, அங்கே முத்திரை குத்திவிடும். திட்டு விழுந்த இடம் அடுத்தடுத்த பிரேக்கில் இன்னும் அதிகமாகச் சூடேறும். 650, 700 டிகிரியைத் தாண்டினால் அந்த இடத்து இரும்பே மாறிக் கடினமான இரும்புக் கார்பைடாகிவிடும். இது தோலுக்கு அடியிலும் இறங்குவதால், லேத்தில் கொடுத்து மேலாகச் சீவினால் நடுக்கம் கொஞ்ச நாள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பும்.

சரி, என் வண்டிக்கு வருவோம். இரண்டாவதாகப் பார்த்தவர் சீலநாயக்கன்பட்டிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். முதலில் கேட்டார், "பிரேக் புடிக்காதப்பவும் ஆடுதுங்களா?" அப்படி ஆடினால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் சமாச்சாரம், பிரேக்கைக் குறை சொல்லக் கூடாது. அடுத்து, "ஸ்டீயரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?" ஸ்டீயரிங் என்றால் முன்சக்கரம், சீட்டு என்றால் பின்னால் டிரம்மைப் பார்க்க வேண்டும். சடன் பிரேக் அடிக்கும்போது மட்டும் பெடல் கடகடவென்று காலை உதைத்தால் அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்து டிஸ்க்கை மெதுவாகச் சுற்றினார். முள் 0.12 மில்லிமீட்டர் ஆடியது. டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி பேப்பராலும் பளிச்சென்று தேய்த்தார். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. பழைய டிஸ்க்கையே மறுபடி மாட்டி அளந்தால் 0.03! ஆனாலும் அது ஏற்கெனவே தடிமன் மாறித் தேய்ந்திருந்ததால் புதிது வாங்கத்தான் வேண்டியிருந்தது. காலிப்பரின் ஸ்லைடர் பின் ஒன்று இறுகிப் போயிருந்ததையும் காட்டினார். அது நகராவிட்டால் ஒரு பேட் மட்டும் டிஸ்க்கை விடாமல் உரசும்.

வாங்கும்போது நான் பார்த்துக்கொண்டது கொஞ்சம்தான். வென்டிலேட்டட் டிஸ்க் (நடுவே காற்றுப் போக இடைவெளி உள்ளது) போட்ட வண்டிக்கு அதே அளவில் வென்டிலேட்டட். துளை போட்டது, கோடு போட்டது எல்லாம் பார்வைக்கு ஜோர், குடும்பக் காருக்குத் தேவையில்லை, துளையோரம் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். பழையதைச் சீவலாம் என்றால், சீவிய பிறகும் அந்த அளவுக்கு மேலே நிற்குமா என்று அளந்துவிட்டே முடிவு செய்யுங்கள். கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் சப்ளை செய்யும் நிறுவனங்கள், சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா மாதிரி, தனியாகக் கடைகளுக்கும் விற்கிறார்கள். பெயரே இல்லாத அட்டைப்பெட்டியில் பாதி விலைக்கு வரும் பேட்டை நான் தொடுவதில்லை. செராமிக் பேட்டில் சத்தமும் கரியும் குறைவு, செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும். எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் ஒரே ஜோடியாக மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயிலையும் மாற்றினேன். டாட் 4 தர ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பழசானால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். நடுக்கமாவது எரிச்சல், இது உயிர்ப் பிரச்சினை.

நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) எதிரெதிராக முறுக்கி முடித்ததும், "கல்லப் பழக்கிட்டு வாங்க" என்று சாவியைக் கொடுத்தார் பெரியவர். விடிகாலை ஐந்தரைக்குக் காலியாகக் கிடந்த பைபாஸில் 60-இல் இருந்து 15 வரை, வண்டி நிற்காமல், எட்டுப் பத்துத் தடவை பிரேக் பிடித்தேன். லேசாகக் கருகல் வாடை வந்தது. அப்புறம் பிரேக்கே தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டேன்.

போன மாதம் மறுபடி ஏற்காடு. அடிவாரத்துக்கு வந்தபோது சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, பெடலில் இருந்து காலை எடுத்தேன். "ஏன் மாப்ள, பிரேக்க விட்டுட்ட?" என்றார் மாமா. டீ வரும் வரைக்கும் தோசைக்கல் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.