பிள்ளைக்கு பீரியட்ஸ் வராட்டி ஒளிச்சு வைக்காதேங்கோ

சாமத்திய வீட்டுக்கு ஊரெல்லாம் கார்ட் குடுத்து மண்டபம் பிடிச்சுச் செய்யிற நாங்கள், அதே பிள்ளைக்கு பிறகு நாலு மாசமா பீரியட்ஸ் வரேல்லை எண்டா வாய் திறக்கிறேல்லை. எள்ளுருண்டை, பப்பாசிப்பழம், கோயில் நேர்த்தி எல்லாம் முடிச்சுப்போட்டுத்தான் கன அம்மாமார் கிளினிக்குக்கு வருவினம், வந்தும் முதல் கேள்வி "டொக்டர், இதால கலியாணம் குழம்பாதோ" எண்டுதான். அந்தப் பயம் எனக்கு விளங்குது, ஆனா முதல் பிள்ளையின்ர உடம்பைப் பாப்பம்.

வயசுக்கு வந்து முதல் வருஷம் முன்னப்பின்ன வாறது வழமை. மூண்டு வருஷம் கழிஞ்சும் 35 நாளுக்கு மேல இழுபட்டா, இல்லாட்டி முதல் வருஷத்துக்குப் பிறகு ஒருக்காவெண்டாலும் 90 நாள் தாண்டினா காட்டவேணும். தைரொயிட்டா இருக்கலாம், பட்டினி கிடந்து மெலிஞ்சதா இருக்கலாம், கனக்க நான் பாக்கிறது பீசிஓஎஸ், அதாவது ஹோர்மோன் குழம்பி சூலகத்தில இருந்து முட்டை ஒழுங்கா வெளிய வராத வருத்தம். ஸ்கான் ரிப்போர்ட்டில "சிஸ்ட்" எண்டதைக் கண்டவுடன கட்டி, ஒப்பரேசன் எண்டு அழுறவை, அது கட்டியில்லை, முழுசா வளராமல் நிண்டுபோன சின்ன முட்டைப் பைகள். வயசுக்கு வந்து 8 வருஷத்துக்குள்ள அப்பிடித் தெரியிறது சாதாரணம், ஸ்கானை மட்டும் வச்சு வருத்தத்தை முடிவுகட்ட ஏலாது.

பிள்ளையின்ர பின்கழுத்தைப் பாருங்கோ. கறுப்பா தடிச்சிருந்தா அது ஊத்தை இல்லை, தேசிக்காய் போட்டு உரஞ்சி தோலைப் புண்ணாக்காதேங்கோ. சீனியைக் கட்டுப்படுத்துற இன்சுலின் சரியா வேலை செய்யேல்லை எண்டதின்ர அடையாளமா அது இருக்கலாம், அதால உடம்பு இன்சுலினைக் கூடச் சுரக்குது, கூடின இன்சுலின் சூலகத்தை ஆண் ஹோர்மோன் கூடச் செய்ய வைக்குது, அதாலதான் நாடியில மயிர், முகம் முழுக்கப் பரு, முட்டையும் வெளிய வராது பீரியட்ஸும் வராது.

குளிசை போட்டு ரத்தம் பட்டவுடன சுகம் எண்டு விட்டிடுவினம். உள்ளுக்க இருக்கிற பிரச்சினை அப்பிடியேதான் இருக்கு. மாசக்கணக்கா வராமலும் விடக்கூடாது, கர்ப்பப்பையின்ர உள்படலம் தடிச்சுக்கொண்டே போய் வருஷங்கள் கழிச்சு புற்றுநோயில கொண்டுபோய் விடலாம்.

உடம்பு வச்ச பிள்ளையெண்டா எடையில 5 வீதம் குறைஞ்சாலே கன பேருக்கு தானா வரத் தொடங்கும், 80 கிலோவுக்கு 4 கிலோதான். புட்டைக் குறைச்சு பயறு, கீரை, மீனைக் கூட்டுங்கோ, சீனித் தேத்தண்ணியைக் குறையுங்கோ. டியூசன் டியூசன் எண்டு கதிரையிலயே இருத்தாமல் பின்னேரம் சைக்கிள் ஓட விடுங்கோ, ஊர் என்ன கதைச்சாலும் பரவாயில்லை. மெலிஞ்ச பிள்ளையளுக்கும் பீசிஓஎஸ் வரும், அதால "திண்டு திண்டு வந்தது" எண்டு மட்டும் பேசாதேங்கோ, அந்தப் பேச்சால சாப்பாட்டை ஒளிச்சுச் சாப்பிடுற பிள்ளையளை நான் பாத்திருக்கிறன்.

கலியாணம் கட்டினா சரிவரும் எண்டது பிழை, பிள்ளை பிறக்காது எண்டதும் பிழை, பெரும்பாலானவைக்கு பிறக்கும், சிலருக்கு முட்டை வெளிவர குளிசை தேவைப்படும், அவ்வளவுதான்.

கூட வாற அம்மாமாருக்கும் ஒண்டு. வயசு போய் பீரியட்ஸ் ஒரு வருஷம் முழுக்க நிண்டுபோய் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடன காட்டுங்கோ. 35 தாண்டின ஆக்களுக்கு எம்.ஓ.எச். ஒபிசில (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில) சுகவனிதையர் கிளினிக் இலவசமா நடக்குது, உங்கட இடத்து மிட்வைஃப் அக்காவைக் கேட்டா எந்தக் கிழமை எண்டு சொல்லுவா.