ஈசினோபில் ஏறியதற்கு மீனை நிறுத்தாதீர்கள்

காசிமேட்டிலிருந்து இன்னொரு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். ஓயாத இருமல். எங்கோ எடுத்த ரிப்போர்ட்டில் ஈசினோபில் 9 சதவீதம். ‘ரத்தத்தில் அலர்ஜி’ என்று யாரோ சொல்லிவிட, மீன், முட்டை, பால், கத்தரிக்காய் எல்லாம் மாதக்கணக்கில் நிறுத்தம். மீன் வந்து இறங்கும் இடத்தில் வளரும் பிள்ளை எடை குறைந்து நிற்கிறது. தண்டையார்பேட்டையில் லேப் டாக்டராக இருக்கும் எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து ஆற்றாமையாக இருக்கிறது.

ஈசினோபில் ஒரு நோய் இல்லை. எல்லோர் ரத்தத்திலும் இருக்கிற வெள்ளணு. சதவீதத்தை விடுங்கள், மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள்: ஒரு மைக்ரோலிட்டரில் 500 வரை சாதாரணம். அதற்கு மேல் ஏறினால் ஆஸ்துமாவாக இருக்கலாம், கரப்பான் என்ற தோல் நோயாக இருக்கலாம், குடற்புழுவாக இருக்கலாம், சாப்பிடும் ஏதோ ஒரு மாத்திரையாலும் இருக்கலாம். 3000-ஐத் தாண்டி, ராத்திரியில் இருமலும் இழுப்பும் என்றால் கொசு பரப்பும் யானைக்கால் புழுவையும் சந்தேகிக்க வேண்டும். அதற்குத் தேவை டிஇசி மாத்திரை, பத்தியம் அல்ல. இத்தனையில் எது என்று அந்த எண் சொல்லாது. எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அறவே சொல்லாது. எண் சரியாக இருப்பதால் அலர்ஜி இல்லை என்றும் ஆகாது. ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தால் ஈசினோபில் இறங்கித்தான் காட்டும். ரத்தம் கொடுக்கும்போதே அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் இந்த ‘பேனல்’. நூறு, இருநூறு பொருளுக்குச் சேர்த்துப் பார்த்து நீளமாக ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். அலர்ஜியோடு தொடர்புள்ள எதிர்ப்பொருளான ஐஜிஈ பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தின்று ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு அது அலர்ஜி இல்லை. ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்த்து உணவை நிறுத்தச் சொல்லும் ரிப்போர்ட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். சாப்பிடும் பொருளுக்கு ஐஜிஜி வருவது இயல்பு.

உண்மையிலேயே ரத்த அணுவை வைத்து அலர்ஜி பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, பேசோஃபில் ஆக்டிவேஷன் டெஸ்ட். வெள்ளணுக்களில் 1 சதவீதம்கூட இல்லாத பேசோஃபில்களோடு சந்தேகப்படும் பொருளைச் சேர்த்து, அவை தூண்டப்பட்டதைக் காட்டும் சிடி63 என்ற புரதம் அவற்றின் மேல் வெளிவருகிறதா என்று, அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் பார்ப்பார்கள். அணு உயிரோடு இருக்க வேண்டும், அதனால் ரத்தம் எடுத்த ஒரு நாளுக்குள் முடித்தாக வேண்டும். சிலருக்கு அந்த அணு எதற்குமே அசையாது, அவர்களுக்கு விடை கிடைக்காது. வேர்க்கடலை போன்றவற்றில் மற்ற சோதனைகள் குழப்பினால் உதவும். தெருமுனை லேபில் செய்வதல்ல. யாராவது இதற்குப் பெரிய பில் நீட்டினால், எந்தப் பொருளைச் சந்தேகிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

லேபுக்கு வருமுன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரத்தில் தடிப்பு வந்தது, அடுத்த முறையும் வந்ததா. ‘இறால் தின்ற அரை மணியில் உதடு வீங்கியது’ என்ற ஒரு வரி இருந்தால் எதைச் சோதிப்பது என்று எனக்குத் தெரியும். மணலி, எண்ணூர் ஆலைப் புகையில் வரும் இருமலை மீன் தலையில் கட்டாதீர்கள். அலர்ஜி மாத்திரையை ரத்தச் சோதனைக்காக நிறுத்த வேண்டாம். தோல் சோதனை என்றால் டாக்டரைக் கேட்டு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

நாக்கு வீங்கி மூச்சு திணறினால் லேபுக்கு ஓடி வராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அட்ரினலின் ஊசி உடனே போட வேண்டும். ஒருமுறை அப்படி ஆன பிள்ளைக்கு, கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போமே என்று வீட்டில் சோதிக்கவே வேண்டாம் அம்மா.