பேரண்டம் விரிகிறது சரி, எதற்குள் விரிகிறது?

அரிச்சல்முனையில் தண்ணீர் ஓரமாக நின்று பார்த்தால், கடலும் வானமும் சேரும் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கும்? இருபது, முப்பது கிலோமீட்டர் இருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். கண் மட்டம் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவருக்கு அது சுமார் 4.5 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் டிவி கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் 64 கிலோமீட்டர் வரும். மீன்பிடிக்கப் போகும் விசைப்படகு அந்தக் கோட்டைத் தாண்டும்போது முதலில் அதன் அடிப்பகுதி மறையும், அப்புறம் வீல்ஹவுஸ், கடைசியாகக் கொடிக்கம்பு. படகில் இருப்பவர் எந்தக் கோட்டையும் தாண்டுவதில்லை. அவரைச் சுற்றி அவருக்கென்று ஓர் அடிவானம் இருக்கிறது. அவர் கணக்கில் மறைந்துபோனது நம் கரை.

பேரண்டத்துக்கும் இப்படி ஓர் அடிவானம் உண்டு. “பேரண்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது?” என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த அடிவானத்தையும் விளிம்பையும் ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். அடிவானம் நிச்சயமாக இருக்கிறது, அதன் தூரமும் தெரியும். விளிம்பு ஒன்று இருப்பதற்கு இதுவரை ஓர் ஆதாரமும் கிடையாது.

கடலில் பார்வையை மறிப்பது பூமியின் வளைவு. வானத்தில் மறிப்பது காலம். ஒளி நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அதுவும் வந்து சேர நேரம் வேண்டும். தை மாதம் மழை ஓய்ந்தபின், வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் தெருவிளக்கு எட்டாத கரையில் முன்னிரவில் நின்று வடமேற்கே பாருங்கள். பஞ்சைப் பிய்த்து வைத்தாற்போல மங்கலாக ஒரு திட்டு தெரியும். அதுதான் ஆண்ட்ரமீடா விண்மீன்திரள். நம் கண்ணில் இன்று விழும் ஒளி அங்கிருந்து புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வெறும் கண்ணால் பார்க்கக்கூடியவற்றில் இதுவே ஏறக்குறைய மிகத் தொலைவானது. தொலைநோக்கி இன்னும் தொலைவுக்கு, அதாவது இன்னும் பழைய காலத்துக்குப் போகும். ஆனால் பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். அதற்கு மேல் பயணம் செய்த ஒளி எங்கிருந்தும் வந்திருக்க முடியாது.

ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு. அப்படியானால் அடிவானம் 1,380 கோடி ஒளியாண்டுத் தொலைவில்தானே இருக்க வேண்டும்? இல்லை, சுமார் 4,600 கோடி. ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுக்க இடையில் இருந்த வெளியும் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. நமக்குத் தெரியும் மிகப் பழைய ஒளி புறப்பட்டபோது, அது புறப்பட்ட இடம் நாம் இருக்கும் பகுதியிலிருந்து வெறும் 4.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில்தான் இருந்தது. இன்று அதே இடம் ஏறக்குறைய 4,600 கோடி ஒளியாண்டுக்கு விலகிப் போய்விட்டது, 1,100 மடங்கு.

அந்தப் பழைய ஒளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள்வரை பேரண்டம் முழுவதும் ஒளி ஊடுருவ முடியாத சூடான வாயு. அது 3,000 டிகிரி அளவுக்குக் குளிர்ந்ததும் தெளிந்தது, ஒளி கிளம்பியது. விரிவில் இழுபட்டு இழுபட்டு அது இன்று நுண்ணலையாகிவிட்டது. வெப்பநிலை மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே 1964இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பென்சியாஸ், வில்சன் இருவரும் தங்கள் ஆண்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் குறையாத ஓர் இரைச்சலைக் கண்டார்கள். உள்ளே கிடந்த புறா எச்சத்தைச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. அந்த இரைச்சல்தான் இந்த ஒளி. 1978இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இலங்கை ரூபவாஹினி தெரிய வேண்டும் என்று மொட்டைமாடியில் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த காலம் இந்தக் கரையோர ஊர்களில் பலருக்கு நினைவிருக்கும். சேனல் கிடைக்காதபோது திரையில் புள்ளிபுள்ளியாக ஓடுமே, அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு பேரண்டத்தின் தொடக்க ஒளி. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும்.

சரி, அடிவானத்துக்கு அப்பால்? விசைப்படகுக்காரருக்கு நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. 4,600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் போனாலும் இங்கே இருப்பது போன்ற விண்மீன்திரள்கள்தான் இருக்கும் என்று எதிர்பார்க்க எல்லாக் காரணமும் உண்டு. நாம் பார்க்கும் எல்லாத் திசையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதே முதல் காரணம். அந்தத் தொலைவில் இன்று யாராவது இருந்து நம் திசையைப் பார்த்தால், சூரியனோ பூமியோ தெரியாது. அவர்கள் காண்பது நம் பகுதியின் பழைய சூடான வாயு. நாம்தான் அவர்களுடைய அடிவானம்.

இந்தக் கடல் எவ்வளவு தூரம் போகும், முடிவில்லாமலா? பூமி தட்டையா உருண்டையா என்பதைக் கரையை விட்டுப் போகாமலே கொடிக்கம்பு சொல்லிவிடுகிறது. வெளி வளைந்திருக்கிறதா என்பதையும் இருந்த இடத்திலிருந்தே அளக்கலாம். தொடக்க ஒளியில் சற்றுச் சூடான, சற்றுக் குளிர்ந்த திட்டுகள் உண்டு. அவற்றின் உண்மையான அளவு இயற்பியலிலிருந்து தெரியும், தொலைவும் தெரியும். வெளி தட்டையாக இருந்தால் அவை ஏறக்குறைய ஒரு டிகிரி அகலத்தில் தெரிய வேண்டும். வளைந்திருந்தால் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகளை மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால், ஆயிரத்தில் சில பங்கு பிழைக்குள் வெளி தட்டை. ஒருவேளை பூமியைப் போலத் தன்மேலேயே வளைந்து மூடிக்கொண்டிருந்தாலும், மொத்தப் பேரண்டம் நமக்குத் தெரியும் பகுதியைவிடக் கன அளவில் குறைந்தது சில நூறு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். தட்டையாக இருந்தும், ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வந்து சேரும்படி மூடியிருக்கவும் கணிதம் இடம் தருகிறது. அப்படியானால் வானத்தின் எதிரெதிர்த் திசைகளில் ஒரே மாதிரியான வட்டங்கள் தெரிய வாய்ப்புண்டு. தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

இன்னொரு வாய்ப்பு முடிவிலி. இங்கேதான் “முடிவே இல்லாதது எப்படி விரியும், எதற்குள் விரியும்?” என்ற கேள்வி வந்து நிற்கும். முடிவிலியை மிகப் பெரிய எண் என்று நினைத்தால் இதற்கு விடை கிடைக்காது. 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் போகும் எண்களை ஒரு கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்குங்கள். இப்போது அவை 2, 4, 6, 8 என்ற இடங்களில் நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையே இருந்த தூரம் எல்லா இடத்திலும் இரட்டிப்பாகிவிட்டது. ஒரு எண்கூடத் தொலையவில்லை, புதிதாக ஒன்று சேரவும் இல்லை. கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு அங்குல இடம்கூட வாங்கவில்லை. எண்கள் எத்தனையோ இரட்டைப்படை எண்களும் அத்தனையே. 1638இலேயே கலிலியோ வர்க்க எண்களை வைத்து இதைக் கவனித்துத் திகைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டெடெகிண்ட் என்ற கணிதவியலாளர்தான் திகைப்பை விட்டு இதையே முடிவிலியின் இலக்கணமாக எடுத்துக்கொண்டார். முடிவிலிகளுக்குள்ளேயே சிறிது பெரிது உண்டு என்று அதே காலத்துக் கணிதவியலாளர் காண்டர் நிறுவினார்.

இதே கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். தூரத்தைப் பாதியாக்குங்கள், மறுபடி பாதியாக்குங்கள். எத்தனை தடவை செய்தாலும் கோடு முடிவில்லாதது முடிவில்லாததுதான். எனவே பேரண்டம் இன்று முடிவில்லாதது என்றால், பெருவெடிப்பின் போதும் அப்படியே இருந்தது. ஒரு புள்ளியிலிருந்து வெடித்துச் சிதறுவதாக டிவியில் காட்டும் படம் எனக்கு வருத்தம் தருவது இதனால்தான். பெருவெடிப்பு ஓரிடத்தில் நடக்கவில்லை. பாம்பனிலும் நடந்தது, ஆண்ட்ரமீடாவிலும் நடந்தது. சிறிய புள்ளியாக இருந்தது இன்று நமக்குத் தெரியும் பகுதி மட்டுமே.

வேறு பேரண்டங்கள் குமிழி குமிழியாக இருக்கின்றன என்ற பேச்சும் உண்டு. தொடக்கத்தில் வெளி மிக வேகமாக வீங்கியது என்ற கருத்திலிருந்து கிளைத்தது அது. நல்ல இயற்பியலாளர்கள் அதில் உழைக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு குமிழி மோதிய தடம் தொடக்க ஒளியில் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை அதை அறியப்பட்ட உண்மையாகச் சொல்லக் கூடாது.

பார்வையின் எல்லை இனிமேல் பெரிதாகத் திறக்கப்போவதும் இல்லை. விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998இல் தெரிந்தது. இன்று சுமார் 1,700 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் விண்மீன்திரளிலிருந்து இந்த நொடி கிளம்பும் ஒளி நம்மை என்றைக்கும் வந்தடையாது. 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கியும் மற்ற ஆய்வுகளும் வெளியின் வளைவை இன்னும் நுட்பமாக அளக்க உதவும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. வளைவு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், நம் பகுதியில் இயல்பாகவே உள்ள மேடுபள்ளங்களிலிருந்து அதைப் பிரித்தறிய எந்தக் கருவியாலும் முடியாது. அந்த வரம்புக்கு மேல் வளைவு தென்பட்டால் விடை கிடைத்துவிடும். தென்படாவிட்டால், முடிவில்லாத பேரண்டத்தையும் மிகப் பெரிய, மூடிய பேரண்டத்தையும் வளைவை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியிருக்காது.