'பாஸ் அவுட்' ஆனேன் என்று நோயாளி சொன்னால்

கும்பகோணத்தில் செவிலியர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் தொழில். வலங்கைமான், பாபநாசம், மன்னார்குடி பக்கமிருந்து இரவுப் பணியை முடித்துவிட்டு, தூக்கம் கலையாத கண்களோடு பஸ் பிடித்து வருகிறார்கள். பிரிட்டனில் செவிலியராகப் பதிவுசெய்ய ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் அவர்கள் தேற வேண்டும். ஓ.இ.டி.யின் பேச்சுத் தேர்வில் தேர்வுக்கு வந்தவர் செவிலியராகவே இருப்பார். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுவார். ஓர் உரையாடலுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம்.

அப்படி ஒரு பயிற்சியில் நான் நோயாளி. "ஐ பாஸ்ட் அவுட் அட் வொர்க்" என்றேன். எதிரில் இருந்த பெண் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தாண்டு பணியாற்றியவர். சற்றே தயங்கி, "என்ன படிப்பு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் கேட்டிருந்தது.

வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தேன் என்பதுதான் நான் சொன்னது. மயங்கிக் கிடப்பவரை இமைப்பொழுதில் அடையாளம் காணக்கூடிய அந்தப் பெண்ணுக்கு, மயக்கம் ஒரு சொல்லாக வந்தபோது தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் '2016 பாஸ் அவுட்' என்றால் அந்த ஆண்டில் படிப்பை முடித்தவர் என்றே பொருள். பிரிட்டனிலும் இந்தப் பொருள் உண்டு; ஆனால் ராணுவம், காவல்துறை போன்றவற்றில் பயிற்சி முடிப்பவர்களுக்கே அதைச் சொல்வார்கள். சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளின் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு 'பாஸிங் அவுட் பரேட்' என்று பெயர் இருப்பது அந்த வழியில்தான். அதை எல்லாக் கல்லூரிக்கும் விரித்தவர்கள் நாம். ஆகவே, தன்விவரக் குறிப்பில் 'பாஸ்ட் அவுட்' என்று எழுதியிருந்தால் இன்றே அடித்துவிட்டு 'கிராஜுவேட்டட்' அல்லது 'குவாலிஃபைட்' என்று எழுதுங்கள். துண்டறிக்கை போன்றவற்றை எல்லோருக்கும் கொடுப்பதையும் 'பாஸ் அவுட்' என்பார்கள். மருத்துவமனையில் அது அரிது.

மயக்கத்துக்குத்தான் மாற்றுச் சொற்கள் ஏராளம். ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்தால் ஆபத்து இங்கேதான். 'ஃபெயின்ட்' என்பது மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் குறைந்து நினைவு தப்பி, விரைவில் தெளிந்துவிடும் மயக்கம். அதையே 'ஐ ஃபீல் ஃபெயின்ட்' என்றால் இன்னும் மயங்கவில்லை, மயக்கம் வரும்போல் இருக்கிறது என்று பொருள். 'கொலாப்ஸ்' என்றால் சரிந்து விழுந்தார் என்பது மட்டும் உறுதி. நினைவு தப்பியதா என்று தனியாகக் கேட்க வேண்டும். 'பிளாக் அவுட்' நினைவிழப்பையும் குறிக்கும். குடித்தவர் விழித்து நடமாடியும் மறுநாள் எதுவும் ஞாபகமில்லாமல் இருப்பதையும் குறிக்கும். 'சோஃபாவில் பாஸ் அவுட் ஆகிவிட்டார்' என்று மனைவி சொன்னால் அவர் போதையில் அயர்ந்து தூங்கியிருக்கவும் கூடும். தட்டி எழுப்பியபோது எழுந்தாரா என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

பிரிட்டனில் வயதானவர்கள் 'ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்' என்பார்கள். இதில் வேடிக்கை எதுவும் இல்லை. திடீரெனத் தலை கிறுகிறுத்தோ, நினைவு மங்கியோ, உடம்பு ஒரு மாதிரியாகிவிட்டது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதைக் கேட்டு ஒரு செவிலியர் புன்னகைத்துவிட்டு நகர்ந்தால் என்னவாகும் என்று நான் பலமுறை கவலைப்பட்டிருக்கிறேன். மயக்கம் தெளிவதற்கு 'கம் ரவுண்ட்' என்றும் 'கம் டு' என்றும் சொல்வார்கள். யாரும் எங்கும் வரவில்லை, போகவில்லை.

எழுத்துத் தேர்வில் இன்னொன்று. மருத்துவருக்கோ வேறு பிரிவுக்கோ எழுதும் கடிதத்தில் 'பாஸ்ட் அவுட்' பேச்சுவழக்காக ஒலிக்கும். 'லாஸ்ட் கான்ஷியஸ்னஸ்' என்று எழுதுங்கள். நோயாளியிடம் போய் 'சின்கோப்பி' என்று கேட்காதீர்கள்; அது மயக்கத்துக்கு மருத்துவர்கள் தமக்குள் பேசும் சொல்.

இந்த 'அவுட்' ஏன் வந்தது என்று மாணவிகள் கேட்கிறார்கள். 'வெளியே' என்று பிடித்துக்கொண்டால் வழி தெரியாது. விளக்கு அணைந்துபோகிறது, 'கோ அவுட்'. அரிசி தீர்ந்துபோகிறது, 'ரன் அவுட்'. செருப்பு தேய்ந்துபோகிறது, 'வேர் அவுட்'. ஓர் இனம் அழிந்துபோகிறது, 'டை அவுட்'. நம் 'போ' செய்கிற வேலையை அங்கே 'அவுட்' செய்கிறது. எல்லா இடத்திலும் இது பொருந்தாது. ஆனால் 'மயங்கிப்போனார்' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தால் 'பாஸ் அவுட்' அதன் பிறகு மறக்காது. ஒட்டும் சொல் மாறினால் பொருளும் மாறிவிடும். 'பாஸ் அவே' இறந்துபோவது. 'பாஸ் ஆன்' தகவலையோ தொற்றையோ அடுத்தவருக்குக் கடத்துவது. சிலர் மரணத்தையும் அப்படிச் சொல்வார்கள். 'பாஸ் வாட்டர்' என்றால் சிறுநீர் கழிப்பது. மதகில் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது.

இதில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு. டெல்டாவில் நோயாளி 'மயக்கமாக இருக்கிறது' என்று சொல்வது பெரும்பாலும் தலைசுற்றலையோ கண் இருட்டுவதையோதான். 'மயக்கம் போட்டுவிட்டது' என்றால் நினைவு தப்பியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் கொடுப்பதும் மயக்க மருந்துதான். இத்தனைக்கும் சேர்த்து 'கிடினெஸ்' என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு எழுதிப் பழகியிருக்கிறோம். அறையே சுழல்வது போலிருந்தால் அது 'வெர்டிகோ'. தலை லேசாகி விழப்போவது போலிருந்தால் 'லைட்ஹெடட்'. பிரிட்டனில் 'கிடி' என்பது மகிழ்ச்சியில் துள்ளும் மனநிலைக்கும் பெயர்.

எனவே இப்போது வகுப்பில் மாற்றுச் சொற்களை ஒப்பிக்க விடுவதில்லை. சொல்லைக் கேட்டதும் அடுத்த கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன். என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது? நினைவு முழுதாகத் தப்பியதா? எவ்வளவு நேரம்? தலையில் அடிபட்டதா? பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார், கைகால் வெட்டி இழுத்ததா?

'என்ன படிப்பு' என்று கேட்ட அதே பெண், குறுவை நடவு நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் விடுப்பில் ஊருக்குப் போய் வந்தார். வயலில் வேலை செய்த அவருடைய அத்தை, "வெயிலில் மயக்கம் வந்துவிட்டது" என்றாராம்.

"விழுந்துவிட்டீர்களா அத்தை, வரப்பில் உட்கார்ந்துவிட்டீர்களா?"

"கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பேசியதெல்லாம் காதில் விழுந்தது."

நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்து, மறுநாள் மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் நோட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். அத்தையின் பதிலுக்கு நேரே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: 'ஃபெல்ட் ஃபெயின்ட். டிட் நாட் பாஸ் அவுட்.'